முன்வரிசையில் உட்கார்ந்தால் மாட்டிக்கொள்வேனா?

இரண்டு வாரங்களுக்கு முன்பு, வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும் சாக்கில், ஒருவர் மாற்றி ஒருவர் மேடையேறி, மைக்கைப் பிடித்துத் தனியாளாகப் பேசிச் சிரிக்கவைக்கும் ஒரு காமெடி கிளப்புக்குப் போய்வந்ததைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் போய்வந்தவர்கள், மீதிப் பேர் போகப் பயப்படுகிறவர்கள். அதனால் முடி உதிர்வு, மாமியார், வீட்டுக்கடன் எல்லாம் இந்த முறை ஓரமாக உட்காரட்டும்.

கே: எங்கள் திருமண நாளுக்குக் கணவர் காமெடி கிளப்பில் டிக்கெட் எடுத்திருக்கிறார், அதுவும் முதல் வரிசை. நான் நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள். மேடையில் இருப்பவர் என்னைப் பிடித்துக் கலாய்த்தால் என்ன செய்வது?

ப: முடிந்தால் நாலாவது வரிசைக்கு மாற்றச் சொல்லுங்கள், பிரச்சினை அதோடு தீர்ந்தது. மேடையில் நிற்பவர் முகத்தில் விளக்கு பளிச்சென்று அடிக்கும். அவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது முதல் இரண்டு வரிசை முகங்கள்தான், அதற்குப் பின்னால் எல்லாம் இருட்டு, இருமல் சத்தம், அவ்வளவே. அவர் உங்களைத் தேடிப் பிடிப்பதில்லை, தெரிகிறவரிடம் பேசுகிறார். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கிரவுட் ஒர்க்'. பெரும்பாலும் நிகழ்ச்சியைத் தொகுப்பவர்தான் இதை அதிகம் செய்வார், ஏனென்றால் வேலையிலிருந்து நேராக வந்து விறைப்பாக உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைக் கொஞ்சம் இளக்கிவிடுவது அவர் பொறுப்பு.

மாற்ற முடியவில்லையா, அப்போதும் பயப்பட ஒன்றுமில்லை. கேட்கப்போவது மூன்றே கேள்விதான்: பெயர் என்ன, என்ன வேலை, கூட இருப்பவர் யார். உண்மையை ஒரே வரியில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மாட்டிக்கொள்கிறவர்கள் யார் என்று நான் கவனித்திருக்கிறேன், எல்லாம் பதிலுக்கு நகைச்சுவையாக ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று முயற்சி செய்கிறவர்கள்தான்.

நான் போன அன்று எனக்கு முன்னால் ஒரு தம்பதி. "கல்யாணமாகி எத்தனை வருஷம்?" என்று தொகுப்பாளர் கேட்டார். கணவர் "ஏழு" என்றார், அதே நொடியில் மனைவி "எட்டு" என்றார். தொகுப்பாளர் ஒரு வார்த்தை பேசவில்லை. மைக்கை இறக்கிவிட்டு அந்த மனிதரையே பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான், கூட்டம் இரண்டு நிமிடம் அடங்கவில்லை. அது முடிந்துவிட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். முக்கால் மணி நேரம் கழித்து வந்த வேறொரு கலைஞர், தன் அப்பா வரவு செலவுக் கணக்குப் பார்ப்பதைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று அந்தக் கணவர் பக்கம் திரும்பி, "சார், நீங்க எண்ணாதீங்க" என்றார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, முதல் சிரிப்பைவிடப் பெரியது. இதைக் 'கால்பேக்' என்பார்கள், முன்னால் போட்ட விதையைப் பின்னால் வந்து அறுப்பது. அந்த மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். கணவர் வீட்டுக்குப் போய் என்ன ஆனாரோ.

இன்னொன்று, தாமதமாக மட்டும் போகாதீர்கள். இருட்டில் குனிந்துகொண்டே இருக்கை தேடுகிறவரைவிட வசதியான இரை மேடையில் நிற்பவருக்குக் கிடையாது.

கே: ஒருவருடைய நிகழ்ச்சியை வீட்டில் போனில் பார்த்தபோது லேசாகப் புன்னகைத்தேன். அதே ஆளை கிளப்பில் நேரில் பார்த்தபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் மாறிவிட்டாரா, நான் மாறிவிட்டேனா?

ப: இரண்டுமில்லை, அறை மாறிவிட்டது. இந்தக் கடிதம் வந்தது எனக்கு மிகவும் சந்தோஷம், ஏனென்றால் கிளப்பில் நடக்கும் பாதி வேலையைச் செய்வது பார்வையாளர்கள்தான் என்பது என் கட்சி.

ராபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சிரிப்பையே பல வருடம் ஆராய்ந்தவர். மாணவர்களை நாட்குறிப்பு எழுதச் சொல்லிப் பார்த்தபோது, டிவி, புத்தகம் எதுவும் இல்லாமல் தனியாக இருக்கும் நேரத்தைவிட மற்றவர்களோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம் என்று கண்டார். அவரும் அவருடைய மாணவர்களும் பொது இடங்களில் சுற்றி, சுமார் 1,200 சிரிப்புகளைக் கவனித்துக் குறித்தார்கள். அதில் பெரும்பாலானவை எந்த ஜோக்குக்கும் வந்தவை அல்ல, "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்பது போன்ற சாதாரண வரிகளுக்கு வந்தவை! சிரிப்பு முதலில் பக்கத்தில் இருப்பவருக்கான செய்தி, அப்புறம்தான் ஜோக்குக்கான மதிப்பெண்.

டிவிக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். 1950களில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப்பொறியாளர் பதிவுசெய்த சிரிப்புகளை ஒரு பெட்டிக்குள் அடைத்து, விசையை அழுத்தினால் சிரிப்பு வரும்படி செய்துவைத்தார். வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பொய்க் கூட்டம்.

கிளப் நடத்துகிறவர்கள் அறையையே அதற்கு ஏற்றபடி அமைக்கிறார்கள். கூரை தாழ்வாக இருக்கும், சிரிப்பு மேலே போய்த் தொலைந்துவிடாமல் தலைமேல் திரும்பி விழும். நாற்காலிகள் முட்டிக்கு முட்டி இடிக்கும். கூட்டம் குறைவான நாளில் ஊழியர்கள் வந்து "முன்னால வந்து உட்காருங்க" என்று கெஞ்சுவார்கள், பலர் முறைத்துக்கொண்டு பின்னாலேயே இருப்பார்கள். நாற்பது பேர் நெருக்கி உட்கார்ந்தால் அது கூட்டம். அதே நாற்பது பேர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தால், பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரிதான். கெஞ்சினால் எழுந்து முன்னால் போங்கள், உங்கள் டிக்கெட்டுக்குத்தான் நல்லது.

கே: மேடைக்குப் பின்னால் ஏன் எப்போதும் செங்கல் சுவர்?

ப: காசு இல்லாததால். பட் ஃப்ரீட்மன் 1963ல் நியூயார்க்கில் 'இம்ப்ரோவ்' கிளப்பைத் தொடங்கியபோது சுவரில் இருந்த பழைய மறைப்பை எடுத்துப் பார்த்தார், உள்ளே செங்கல். மேலே பூசப் பணமில்லை, அப்படியே விட்டுவிட்டார். அப்புறம் திறந்தவர்கள் காசு செலவழித்துச் செங்கல் வைத்தார்கள்.

கே: ஒரே கலைஞரை ஒரே மாதத்தில் இரண்டு முறை பார்த்தேன். அதே ஜோக், அதே திணறல், அதே இடத்தில் "இது இப்பதான் தோணுச்சு" என்று சொல்வதுகூட அதே! இது ஏமாற்று வேலை இல்லையா?

ப: அந்தத் திணறல் வருவதற்கு அவருக்கு எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நம் வீட்டுத் தாத்தா ஒரே கதையை நூறாவது முறை சொல்கிறார். எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும், எங்கே நிறுத்தினால் பேரன் "அப்புறம்?" என்று கேட்பான் என்பது அவருக்குத் தெரியும். அவர் ஏமாற்றுகிறார் என்று யாரும் சொல்வதில்லை.

இந்த ஆட்கள் ஒரு ஜோக்கை எழுதிவிட்டு மேடையில் வந்துதான் அது ஜோக்கா இல்லையா என்று தெரிந்துகொள்கிறார்கள். வாத்தியக்காரர் வீட்டிலேயே சாதகம் பண்ணலாம், இவர்களுக்கு ஆளில்லாமல் ஒத்திகையே கிடையாது. இன்று ஒரு சொல்லை எடுப்பார்கள், நாளை ஒரு இடைவெளியை அரை நொடி நீட்டுவார்கள், சிரிப்பு வரும் சொல்லை வரியின் கடைசிக்குத் தள்ளுவார்கள், ஏனென்றால் அதற்குப் பின்னால் இன்னொரு சொல் வந்தாலே சிரிப்பை மிதித்துவிடும். இதற்கு நடுவில், நேரம் முடியப்போகிறது என்று அறையின் பின்பக்கம் ஒரு சிறு விளக்கு எரியும். நம் கண்ணில் படாது, அவர் கண்ணில் படும். ஐந்து நிமிடம் கொடுத்தால் ஐந்தாவது நிமிடத்தில் இறங்கிவிட வேண்டும், விளக்கைப் பார்த்த பிறகும் பேசிக்கொண்டே நிற்பவரை அடுத்த முறை கூப்பிட யோசிப்பார்கள்.

ஆனால் உங்கள் வருத்தத்தில் ஒரு நியாயம் இருக்கிறது: ஒரே மாதத்தில் இரண்டு முறை போகாதீர்கள்.

கே: நான் நண்பர்கள் மத்தியில் நன்றாக ஜோக் அடிப்பேன். நடுவில் நானும் ஒன்று எடுத்துவிட்டால் நிகழ்ச்சி களைகட்டாதா?

ப: கட்டாது.

கே: என் உடல் எடையை வைத்து ஒருவர் மேடையிலிருந்து ஐந்து நிமிடம் பேசினார். எல்லோரும் சிரித்தார்கள், கூட வந்த தோழியும்தான், நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். இதற்கெல்லாம் வரம்பு வேண்டாமா?

ப: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நீங்கள் சிரித்துவைத்ததற்கு வெட்கப்பட வேண்டாம். நூறு பேர் திரும்பிப் பார்க்கும்போது வரும் அந்தச் சிரிப்பு தற்காப்பு, சம்மதம் இல்லை.

தொல்காப்பியம் சிரிப்பு பிறக்கும் இடங்களை நான்காகச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல்தான் முதலில் நிற்கிறது. அதாவது கேலி இல்லாத நகைச்சுவை வேண்டும் என்று கேட்பது உப்பில்லாத சமையல் கேட்பது மாதிரி. ஆனால் எள்ளலிலும் கைவேலை இருக்கிறது. அந்த ஏழு, எட்டு ஆளை எல்லோரும் கேலி செய்தோம், அவர் செய்ததை வைத்து, அவரும் சேர்ந்து. உங்களுக்கு நடந்தது வேறு. நீங்கள் எதுவும் சொல்லவில்லை, செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். கையில் சரக்கில்லாதவர்தான் எதிரில் இருப்பவர் உருவத்தில் கை வைப்பார். முதல் வரியை மன்னிக்கலாம், ஐந்து நிமிடம் என்பது சோம்பேறித்தனம்.

வரம்பைச் சட்டம் போட்டு வைப்பதில் மட்டும் எனக்கு நம்பிக்கையில்லை. லென்னி புரூஸ் என்ற கலைஞருக்கு மேடையில் ஆபாசமாகப் பேசினார் என்று 1964ல் நியூயார்க்கில் தண்டனை கிடைத்தது. 1966ல் அவர் இறந்தே போனார். 2003ல்தான் அந்த மாநில ஆளுநர் மன்னிப்பு வழங்கினார், யாருக்கு என்ன பிரயோஜனம்? ஆனால் பார்க்கிறவருக்கு உரிமை இல்லாமல் போய்விடவில்லை. எழுந்து போகலாம், நடுவிலேயே போகலாம். வெளியே நிற்கும் மேலாளரிடம் இன்னது நடந்தது என்று சொல்லலாம். கூடவே, அன்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்த உங்கள் தோழியிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கே: வாசலிலேயே போனை ஒரு பையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். வீட்டிலிருந்து அவசர அழைப்பு வந்தால்?

ப: பை உங்கள் கையில்தான் இருக்கும், வெளியே வந்தால் திறந்துகொடுப்பார்கள். 2014ல் தொடங்கிய யோண்டர் என்ற நிறுவனத்தின் பை இது, கலைஞர்கள் பலர் கேட்டு வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். மேலே சொன்னதுதான் காரணம், பாதி வெந்த ஜோக்கைப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டால் அது அங்கேயே செத்துவிடும். அவசரம் இருக்கும் வீடு என்றால் கிளப்பின் தொலைபேசி எண்ணை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கே: பொறியியல் படிக்கும் என் மகன் 'ஓப்பன் மைக்' என்று, யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம் என்ற மேடைக்குப் போய் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வந்தான். யாருமே சிரிக்கவில்லையாம். ஆனாலும் மறுபடி போகப்போகிறேன் என்கிறான். இது எங்கே போய் முடியும்?

ப: யாரும் சிரிக்காத ஐந்து நிமிடத்தைத் தாண்டி வந்தவன் நேர்முகத் தேர்வுக்குப் பயப்பட மாட்டான், அந்த லாபம் நிச்சயம்.

நானும் அப்படி ஒரு பையனைப் பார்த்தேன். இருபது வயதிருக்கும். மைக் ஸ்டாண்டை உயரம் மாற்றவே அரை நிமிடம் போராடினான், திருகு சுற்றிக்கொண்டே இருந்தது, ஸ்டாண்ட் இறங்கிக்கொண்டே இருந்தது. அதற்கு இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் எழுதி வைத்திருந்த ஜோக்குகளை வரிசையாகச் சொன்னான். முதலாவது போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது சொல்லி முடித்தபோது ஏசியின் உறுமல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. வலது முழங்கால் பேன்டுக்குள் ஆடியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அப்போது அவன் காகிதத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துவிட்டு, "அந்த ஸ்டாண்டுதான் என் பெஸ்ட் ஜோக் போல" என்றான். அன்று அவன் வாங்கிய ஒரே முழுச் சிரிப்பு. இறங்கும்போது அவன் முகத்தைப் பார்த்தேன், பல்பு வாங்கியவன் முகமாக அது இல்லை.

1979ல் லண்டனில் காமெடி ஸ்டோர் தொடங்கியபோது, கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் காங் என்ற பெரிய உலோகத் தட்டை அடித்து ஆளை இறக்கிவிடுவார்களாம். உங்கள் மகனுக்கு முழு ஐந்து நிமிடம் கிடைத்திருக்கிறது.

காசு விஷயத்தில் மட்டும் அம்மாவாக நீங்கள் கறாராக இருக்கலாம். ஓப்பன் மைக்கில் பொதுவாகப் பணம் தர மாட்டார்கள், அது பழகும் இடம், சரி. ஆனால் டிக்கெட் விற்று நடக்கும் நிகழ்ச்சியில் பேச அழைத்துவிட்டு "அனுபவம் கிடைக்கும்" என்று மட்டும் சொன்னால் மகனைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் காமெடி ஸ்டோர் என்ற இதே பெயரில் உள்ள வேறொரு கிளப்பில் கலைஞர்கள் அதே 1979ல் வேலைநிறுத்தம் செய்தார்கள், சம்பளமே கிடையாது என்றிருந்ததால். சிரிக்கவைப்பவர்கள் பதாகை பிடித்து வாசலில் நின்றார்கள், அப்புறம்தான் காசு வந்தது. படிப்பை மட்டும் பாதியில் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: ஒரு ஜோக் எனக்குப் புரியவே இல்லை. பக்கத்தில் மனைவி விழுந்து விழுந்து சிரித்ததால் நானும் சிரித்துவிட்டேன். இது தப்பா?

ப: தப்பே இல்லை, மேலே புரொவைன் பற்றி எழுதியிருப்பதைக் காட்டித் தப்பித்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் "அது என்ன, சொல்லு பார்ப்போம்" என்று மனைவியிடம் கேட்டுப் பாருங்கள். நான் என்னோடு வந்தவரிடம் கேட்டேன். அவருக்கும் புரியவில்லையாம், நான் சிரித்ததைப் பார்த்துத்தான் சிரித்தாராம்.