காது கேளாத தங்கையை நண்பர்கள் முன் கண்டுகொள்ளாத 14 வயது மகன்: இது அவன் குணமா, சுற்றத்தின் தாக்கமா?

கேட்டிருப்பவர் ஒரு அம்மா. மகனுக்கு 14, மகளுக்கு 11. மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள்; தெருவில் அவன் சேக்காளிகள் நின்றால் மட்டும் தங்கையை யாரோ எவரோ போலப் பார்க்கிறான். திட்டியும் பார்த்தாயிற்று, அழுதும் பார்த்தாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள்.

அம்மா, அந்தப் பையனாக நான் இருந்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு விருதுநகர் பக்கம். தங்கச்சி 1993ல் பிறந்தாள், எனக்கு நாலு வயது இளையவள். பட்டாசு ஊர்களுக்கு நடுவே வீடு. தீபாவளிக்கு வாசலில் சரவெடி வெடிக்கும்போதும் தொட்டிலில் அசையாமல் தூங்குவாள். "நல்ல தூக்கக்காரி" என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். இரண்டு தீபாவளி அப்படியே போனது. மூன்று வயதில் மதுரைக்குக் கொண்டுபோய், சத்தத்துக்கு மூளை அசைகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்தபோதுதான் இரண்டு காதும் அறவே கேட்காது என்று தெரிந்தது.

என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். அதாவது என் அப்பத்தா அம்மாவுக்குச் சொந்த அத்தை. சொத்தும் சொந்தமும் வெளியே போகக் கூடாது என்று அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்தவரே அப்பத்தாதான். டெஸ்ட் முடிவு வந்த அன்று அதே அப்பத்தா, "உங்க வம்சத்துல எவளோ வாங்கின சாபம்" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மாவின் வம்சமும் அவருடைய வம்சமும் ஒன்றுதான் என்பது அன்று யாருக்கும் தோன்றவில்லை. நெருங்கிய உறவில் கல்யாணம் நடக்கும்போது, இருவரிடமும் ஒரே மரபணுக் குறை மறைந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படி இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. எங்கள் வீட்டில் காரணம் அதுதானா என்று யாரும் பரிசோதித்ததில்லை. ஆனால் பழி மட்டும் அன்றே முடிவாகிவிட்டது. அப்புறம் அம்மா கோயில் திருவிழாவுக்குப் போவதையே குறைத்துக்கொண்டார்.

இனி கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் கேள்விக்கான பதில் அங்கேதான் இருப்பதாக நினைக்கிறேன்.

தங்கச்சிக்கு யாரும் கற்றுத்தராமலே எங்கள் வீட்டில் ஒரு கைமொழி உருவானது. மீசையை முறுக்கினால் அப்பா. மணிக்கட்டில் வளையலை உருட்டினால் அத்தை. என் தாடையில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு உண்டு, அதனால் தாடையில் இரண்டு விரலை வைத்தால் நான். பக்கத்து வீட்டு டீச்சருக்கு அவள் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது, அவ்வளவு பொருத்தம். சாப்பாடு, மழை, கரண்ட் போச்சு, பூனை குட்டி போட்டது எல்லாவற்றுக்கும் கை இருந்தது.

அதற்குள் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வாரம் ஒரு முறை பஸ் ஏறிப் போக வேண்டும். மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்து "ப" சொன்னால் காகிதம் துடிக்கும். அப்படி எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுப்பார்கள். தப்பில்லை. மீதிக் கேள்திறன் உள்ள பிள்ளைகள் சிலர் அதில் நன்றாகவே தேறினார்கள். ஆனால் பயிற்சி தந்தவர் அம்மாவுக்கு ஒரு கட்டளை போட்டார்: "வீட்ல யாரும் கை காட்டாதீங்க. கை காட்டினா பேச்சு வராது."

இது அந்த அம்மையாரின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். 1880ல் இத்தாலியின் மிலன் நகரில் காதுகேளாதோர் கல்விக்கான மாநாடு ஒன்று நடந்தது. அங்கே கூடியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். பள்ளிகளில் சைகை கூடாது, வாய்ப்பேச்சுதான் என்று தீர்மானம் போட்டார்கள். அது உலகம் முழுக்கப் பள்ளிகளைப் பிடித்து ஆட்டியது. 2010ல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. நடுவில் 130 வருடம். மிலனில் போட்ட தீர்மானம் எங்கள் வீட்டு அடுப்படிக்கு 1996ல் வந்து சேர்ந்தது. அம்மா தன் இரண்டு கையையும் சேலை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, மூன்று வயதுப் பிள்ளையிடம் வாயை மட்டும் அசைத்தது எனக்கு நினைவிருக்கிறது. பாப்பா அந்த முந்தானையைப் பிடித்து இழுப்பாள்.

இரண்டு வருடத்தில் "அப்பா" என்று சொன்னாள். வீட்டுக்கு யார் வந்தாலும் "சொல்லு பாப்பா, அப்பா சொல்லு" என்று கேட்பார்கள். சொல்வாள், கை தட்டுவார்கள். அப்பாவிடம் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்த வேறு எதையும் யாரும் கேட்டதில்லை.

சரி, பங்குனிப் பொங்கலுக்கு வருகிறேன். எனக்கு 11 வயது இருக்கும். விருதுநகரில் தேர் வருகிறது, நல்ல கூட்டம். பாப்பா சந்தோஷத்தில் தேரையும் குடத்தையும் பொம்மைக்காரரையும் இரண்டு கையாலும் அப்பாவுக்கு வர்ணித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் தேரை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். அப்பா எதுவும் சொல்லவில்லை. மெதுவாக, வலிக்காமல், அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக் கீழே இறக்கினார். அவ்வளவுதான். அப்பா நல்லவர், அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவர். ஆனால் வெளியில் இந்தக் கை இறங்க வேண்டும் என்பதை நான் அன்று படித்துக்கொண்டேன்.

மூன்று வருடம் கழித்து, ஒன்பதாம் வகுப்பில், பஸ் ஸ்டாண்டு எதிரே நண்பர்களோடு நின்றுகொண்டிருந்தேன். விடுதிப் பள்ளியிலிருந்து லீவுக்கு வந்த தங்கச்சி, ரோட்டின் அந்தப் பக்கம் அம்மாவோடு இறங்கினாள். என்னைப் பார்த்ததும் தாடையில் இரண்டு விரல். பிறகு "வா, வா". நான் தலையைத் தூக்கி சினிமா போஸ்டரைப் படித்தேன். "யார்ரா அந்த ஊமைப்பிள்ள, உன்னப் பாத்து கைய ஆட்டுது?" என்றான் ஒருவன். "தெரியலடா" என்றேன். அவளுக்கு இது கேட்காது என்பது உண்மைதான். ஆனால் உதட்டைப் படிக்க இரண்டு வருடம் காசு கொடுத்துப் பழக்கியிருந்தோமே. அதன் பிறகு வெளியிடத்தில் அவள் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை.

ஆகவே உங்கள் மகனின் குணத்தைச் சந்தேகப்படாதீர்கள். 14 வயதில் ஒரு பையனுக்கு நண்பர்களின் ஒரு சிரிப்பு எவ்வளவு பெரியது என்பது நமக்கு மறந்துபோய்விடுகிறது. அந்தக் காலத்துக் காமெடியை நினைத்துப் பாருங்கள்: திக்கிப் பேசுகிறவர், காது மந்தமானவர், கால் இழுத்து நடப்பவர் வந்தாலே சிரிப்பு என்று எழுதி வைத்திருந்தார்கள். நாங்கள் மறுநாள் வகுப்பில் அதை நடித்துக் காட்டுவோம். நானும் நடித்தேன், நன்றாகவே வரும் எனக்கு. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு சினிமா வழக்கில், மாற்றுத்திறனாளிகளைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு என்று பிரித்துச் சொல்லி வழிகாட்டுதல்களும் கொடுத்தது. நல்லதுதான். ஆனால் நண்பர்களையும் சினிமாவையும் மட்டும் குற்றம் சொன்னால் பாதியைத்தான் சொன்னதாக ஆகும். ஊரின் பார்வை என் தங்கச்சியை நேராகத் தொட்டது குறைவு. அது எங்கள் வழியாகத்தான் அவளிடம் போனது. அப்பத்தா வழியாக அம்மாவுக்கு, அம்மா அப்பா வழியாக எனக்கு, என் வழியாக அவளுக்கு.

அதனால் கொஞ்சம் சங்கடமான ஒன்றைக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பஸ்ஸில், கல்யாண வீட்டில், ரேஷன் கடை வரிசையில் உங்கள் கை என்ன செய்கிறது? வீட்டுக்குள் பேசுகிற அளவுக்கு அங்கேயும் மகளிடம் கையால் பேசுகிறீர்களா, இல்லை "அப்புறம் சொல்றேன்" என்று ஒரு தட்டோடு முடிகிறதா? உங்கள் மகன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பான்.

காது கேளாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குப் பெற்றோர் காது கேட்பவர்கள். மற்றப் பிள்ளைகளுக்கு மொழி வீட்டில் கிடைக்கிறது, இவர்களுக்கோ தங்களைப் போன்ற பிள்ளைகளிடமிருந்துதான் கிடைக்கிறது. தங்கச்சிக்கு விடுதியில் கிடைத்தது. வகுப்பில் அங்கேயும் வாய்ப்பேச்சுதான். இரவில் டியூப் லைட் வெளிச்சத்தில் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்களாம், கையாலேயே. முதல் லீவுக்கு வந்தபோது அவள் கை போகிற வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. அம்மாவுக்கு அது பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. 13 வயதில் காது மிஷினைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டாள். சட்டைப்பையில் பெட்டி, காதுவரை வயர், பென்சில் பேட்டரி என்று இருந்த பழைய மாடல். அவளுக்கு அதில் ஒன்றும் கேட்டதில்லை, பார்க்கிறவர்களுக்குத்தான் அது ஏதோ சொன்னது. வீட்டில் பெரிய ரகளை. இப்போது நினைத்தால் அந்த வயதில் எங்கள் இரண்டு பேரில் ஊருக்குப் பயப்படாதது அவள்தான்.

எங்களை மறுபடி சேர்த்து வைத்தது செல்போன். நான் மதுரையில் கல்லூரி, அவள் விடுதி. இரவெல்லாம் எஸ்எம்எஸ். விகுதி எதுவும் இல்லாத அவள் தமிழ் முதலில் சிரிப்பாக இருந்தது, பிறகு எனக்கே அப்படி எழுத வந்துவிட்டது. 2011 செப்டம்பரில், தொல்லை தரும் விளம்பரங்களைத் தடுக்க என்று சொல்லி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு சிம்முக்கு நாளைக்கு 100 எஸ்எம்எஸ்தான் என்று வரம்பு வைத்தது. பின்னால் கூட்டினார்கள். ஆனால் அந்தச் சில வாரங்களில் சாயங்காலம் ஆறு மணிக்கே அவள் கணக்கு தீர்ந்துவிடும், மறுநாள் காலைவரை தங்கச்சி இல்லை. அந்த மௌனத்தில்தான் பஸ் ஸ்டாண்டு எனக்குத் திரும்ப வந்தது. அடுத்த லீவில் அவளோடு ஊர் பஸ்ஸில் ஏறி, கூட்டத்துக்கு நடுவில், வேண்டுமென்றே பெரிதாக, கையால் பேசிக்கொண்டு வந்தேன். முதல் பத்து நிமிடம் காது மடல் சுட்டது. அப்புறம் பார்க்கிறவர்களே சலித்துத் திரும்பிக்கொண்டார்கள். 2016ல் ஜியோவும் வாட்ஸ்அப் வீடியோ காலும் வந்தபின் அவள் என்னைத் தேடுவதே குறைந்துவிட்டது, அவள் கூட்டத்தோடு ராத்திரி ஒரு மணிவரை பேச்சு.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது சொற்பம். மகனைத் தங்கைக்குக் காவலாளி ஆக்காதீர்கள், மொழிபெயர்ப்பாளரும் ஆக்காதீர்கள். அந்த வயதில் சுமையாகிவிடும். முதலில் நீங்களும் அவன் அப்பாவும் வெளியில் கையால் பேசுங்கள். டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையம் 10,000க்கும் மேற்பட்ட சொற்களை வீடியோவாக வைத்திருக்கிறது, சைன் லேர்ன் என்று ஆப்பும் இருக்கிறது. அதைவிட நல்ல வழி, காது கேளாத பெரிய பிள்ளைகள் இரண்டு பேரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவது. கிரிக்கெட் ஆடுகிற ஒரு காது கேளாத அண்ணன் கிடைத்தால் உங்கள் மகனுக்கு அது நூறு புத்திமதிக்குச் சமம்.

தங்கச்சி இப்போது சிவகாசியில் ஒரு அச்சகத்தில், கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் டிடிபி வேலை செய்கிறாள். மிஷின் ஓடுகிற சத்தத்தில் அங்கே எல்லோருமே ஜாடையில்தான் பேசுகிறார்கள், அவளுக்கு அது சொர்க்கம். 2018ல் அவளைப் போலவே காது கேளாத ஒருவரை, அவளே பார்த்துப் பிடித்து, கட்டிக்கொண்டாள். "ராத்திரி பிள்ளை அழுதா யாருக்குத் தெரியும்?" என்று சொந்தத்தில் கேட்காத ஆள் இல்லை. பிள்ளை பிறந்ததும் தூளிக் கயிற்றிலிருந்து ஒரு துண்டு நூலைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படுத்தாள். தூளி அசைந்தால் விழித்துவிடுவாள்.

பிள்ளைக்கு நன்றாகக் காது கேட்கும். எல்.கே.ஜி.யில் சேர்த்த இரண்டாம் மாதம் பள்ளியில் கூப்பிட்டார்கள், நானும் துணைக்குப் போனேன். "வீட்ல கை காட்டாதீங்க, பையனுக்குப் பேச்சு பாதிக்கும்" என்றார் மிஸ், என்னைப் பார்த்து. நான் கையைத் தூக்குவதற்குள் என் மருமகன் அம்மாவிடம் திரும்பி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டான். அவள் சிரித்தாள். பதில் சொன்னாள். அவன் அதை மிஸ்ஸிடம் சத்தமாகச் சொன்னான்: "அம்மா கேக்குது, அப்போ அம்மாகிட்ட நான் எதால பேசணும்னு?"

மிஸ் என்னைப் பார்த்தார். நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.