கேள்வி பதில்: தாத்தாவின் தகரப் பெட்டி

கேள்வி: தோட்டத் தொழிற்சங்கத்தில் இருந்த தாத்தாவின் பெட்டி கிடைத்திருக்கிறது. 1940, 50களின் கடிதங்கள், கூட்ட அழைப்புகள், பசை ஆல்பத்தில் புகைப்படங்கள். பூஞ்சை வாடை அடிக்கிறது. வெயிலில் காயவைத்து லேமினேட் செய்யலாமா?
– வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு, மலேசியா

பதில்: தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். வெயில் மையை வெளுக்கும், தாளை நொறுக்கும். லேமினேட் பசையோ சூட்டில் உருகித் தாளுக்குள் இறங்கிவிடும்; பிறகு பிரிக்கவே முடியாது.

முதலில் கட்டுகளைக் கலைக்காமல், உள்ளது உள்ளபடி கைபேசியில் படமெடுத்து, கட்டுக்கு ஓர் எண் கொடுங்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தையோ 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதையோ ஆராய்பவருக்கு, எந்தக் கடிதத்துக்கு எது பதில் என்பதை அந்த அடுக்குதான் காட்டிக்கொடுக்கும். உறைகளும் இருக்கட்டும். கடிதத்தில் தேதி இல்லாதபோது அஞ்சல் முத்திரைதான் கைகொடுக்கும்.

பூஞ்சை ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பரவும், மையும் கரையும். நிழலில் விரித்து, மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஓடவிடுங்கள். நன்றாகக் காய்ந்து தூளானதும், வீட்டுக்கு வெளியே, என்95 முகக்கவசம் அணிந்து, மெல்லிய தூரிகையால் தட்டிவிடலாம். அந்துருண்டை வேண்டாம், பூஞ்சையை அது தடுக்காது.

ஆல்பத்தில் ஒட்டிய படத்தை விரலால் உரித்தால் வளைந்து விரிசல் விடும். மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் கொடுத்து, ரம்பம்போல் மெல்ல இழுங்கள். வராத படத்தை விட்டுவிட்டுப் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள்: படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), கடிதத்துக்கு 300 போதும். மூலக்கோப்பு, படத்தின் தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) வடிவில் இருக்கட்டும். பெயர்களைப் பின்புற ஓரத்தில் 2பி பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.

பிவிசி பிளாஸ்டிக் உறை அமிலம் கக்கும். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை திரும்பிவிடும், பினாங்கில் அது சர்வசாதாரணம். இரவில் மட்டும் ஏர்கான் ஓடும் அறையில் ஈரம் ஏறி இறங்கும், அது இன்னும் கெடுதல். கேமரா வைக்கும், ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் உலர்பெட்டியை 45 விழுக்காட்டில் வைத்து, அதில் இவற்றைப் போட்டால் போதும்.

கேள்வி: இவற்றை ஆவணக் காப்பகத்துக்கே கொடுத்துவிடலாமா?

பதில்: தாராளமாக. கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிமில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம், அர்க்கிப் நெகாரா, தனியார் ஆவணங்களையும் ஏற்கிறது. கொடுக்குமுன் மூன்றை எழுத்தில் பேசி முடியுங்கள்: பதிப்புரிமை யாருக்கு, உயிரோடிருப்பவர்களைப் பற்றிய கடிதங்களை எத்தனை ஆண்டு மூடிவைப்பது, குடும்பத்துக்கு ஸ்கேன் பிரதி உண்டா. கட்டு எண்களோடு ஒரு பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள்.