4,29,49,67,297 பகா எண் அன்று

வணக்கம் ஐயா. தண்டையார்பேட்டையில் மாலை வகுப்பு எடுக்கும் தாங்கள், 4,29,49,67,297 என்ற எண்ணை நூறு வரையுள்ள பகா எண்களால் வகுத்தும் ஒவ்வொரு முறையும் மீதி வந்ததால், அதைப் பகா எண் என்று மாணவர்களுக்குச் சொல்லிவிடலாமா எனக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து சொல்ல வேண்டாம். அதன் வர்க்கமூலம் 65,536-ஐச் சற்றே தாண்டுவதால், நூறோடு நிறுத்துவது போதாது.

இது 2-இன் 32ஆம் அடுக்குடன் 1 கூட்டிய எண். பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்மா இதைப் பகா எண் என்றே நம்பினார். 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் இதை 641 × 67,00,417 எனப் பிரித்துக் காட்டினார். இதன் பகாக் காரணி எதுவானாலும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்பதால், சோதிக்க வேண்டியவை 193, 257, 449, 577, 641 என்று சுருங்கிவிடுகின்றன. ஐந்தாவதிலேயே விடை கிடைத்துவிடும்.

நீண்ட வகுத்தல்கூட வேண்டாம், பத்தாம் வகுப்பின் மட்டு எண்கணிதமே போதும். 641 என்பது 5 × 128 + 1. அதுவே 625 + 16. ஆகவே 641-ஐ மட்டாகக் கொண்டால், அதாவது 641-ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் பார்த்தால், 5 × 128 என்பது −1-க்குச் சமம். இதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 625 × (2-இன் 28ஆம் அடுக்கு) என்பது 1 ஆகிறது. 625-க்குப் பதில் −16-ஐ இட்டால், 2-இன் 32ஆம் அடுக்கு −1 ஆகிவிடுகிறது. அதனுடன் 1 கூட்டினால் மீதி பூச்சியம். இவ்வளவு அழகான நிறுவலைப் பிள்ளைகள் தம் கையாலேயே எழுதிப் பார்க்க வேண்டும்.

67,00,417 பகா எண்தான். அதைச் சரிபார்க்க 2,588-ஐத் தாண்டத் தேவையில்லை.