குரல் வரவில்லை என்றால் முதலில் காதைத் தீட்டுங்கள்

அணிக் கூட்டத்தில் பேச வாயெடுத்தாலே குரல் உள்ளே போய்விடுகிறது, நடிக்கத் தெரியாத நான் அலுவலக நாடகக் குழுவில் சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சேருங்கள். நானும் அப்படித்தான் போனேன். முதல் நாடகத்தில் எனக்குத் திரை இழுக்கும் வேலைதான்.

குரலைவிட அங்கே எனக்குப் பழகியது காது. எதிரில் இருப்பவரின் கடைசிச் சொல்லைப் பிடித்துத்தான் நம் வசனம் தொடங்கும். அதைக் கேட்காமல் அடுத்து என்ன சொல்வது என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தால் மாட்டிக்கொள்வோம். கூட்டங்களிலும் நான் செய்துவந்த தப்பு அதேதான்.

அமெரிக்க நாடகப் பயிற்சியாளர் வயோலா ஸ்போலினின் நாடக விளையாட்டுகளில் கண்ணாடிப் பயிற்சி என்று ஒன்று உண்டு. இருவர் எதிரெதிரே நின்று, ஒருவரின் அசைவை மற்றவர் அப்படியே செய்ய வேண்டும். கொஞ்ச நேரத்தில் யார் யாரைப் பின்பற்றுகிறார் என்றே தெரியாது. மேலாளரோடு ஒருமுறை அதைச் செய்துவிட்டால், அப்புறம் அவர் முன்னால் பேச அவ்வளவு பயம் இருக்காது.

எடுத்ததுமே பெரிய வேடம் கேட்காதீர்கள். ஒத்திகை வாரத்துக்கு எத்தனை நாள் என்பதை மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். அரங்கேற்றம் நெருங்கினால் எல்லோரும் எரிந்து விழுவார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.