பிரஷர் இல்லாத அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை எதற்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. நான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, புதுச்சேரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோவில் இதயத்தின் பம்பிங் 35 சதவீதம் என்றிருந்தது. இப்போது மூச்சிரைப்பு இல்லை, மாடிப்படி ஏறுகிறார். ரத்த அழுத்தம் 100/60. அவருடைய மாத்திரைகளில் மூன்று பிரஷருக்கும் ஒன்று சர்க்கரைக்கும் உரியவை என்கிறார்கள். அவருக்கு இரண்டுமே கிடையாதே, நிறுத்திவிடலாமா?
– வாசகி, கடலூர் முதுநகர்.

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி செத்துத் தழும்பாகிவிட்டதால், மிச்சமுள்ள தசையை விரட்டி வேலை வாங்க அட்ரினலின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களை உடல் அதிகமாகச் சுரக்கிறது. அந்த விரட்டலே நாளடைவில் இதயத்தைப் பெரிதாக்கிப் பலவீனப்படுத்துகிறது. அதைத் தடுக்கத்தான் அந்த மூன்று மாத்திரைகளும். மாரடைப்புக்குப் பின் பம்பிங் குறைந்தவர்களிடம் இவ்வகை மருந்துகளான கேப்டோப்ரில், கார்வெடிலால், எப்லெரினோன் ஆகியவற்றைச் சோதித்த ஆய்வுகள் முறையே 1992, 2001, 2003-இல் வெளியாயின; மூன்றிலுமே உயிரிழப்பு குறைந்தது. சர்க்கரை மாத்திரை எனப்படும் டாபாகுளிஃப்ளோசின், சர்க்கரை நோய் இல்லாத, பம்பிங் குறைந்த இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் பயன்படுவதை 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்பா மாடி ஏறுவதில் இந்த மருந்துகளுக்குப் பெரும் பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன்.

தலைச்சுற்றல் இல்லையென்றால் 100/60 பயப்பட வேண்டிய அளவல்ல. எழுந்து நிற்கையில் கண் இருட்டினால், மாத்திரைகளை வெவ்வேறு வேளைகளுக்குப் பிரித்துத் தரவோ அளவைக் குறைக்கவோ மருத்துவரால் முடியும். கார்வெடிலால் போன்ற பீட்டா பிளாக்கரைத் திடீரென விடுவது மிகவும் ஆபத்து. வீக்கம் வடிந்தபின் மருத்துவர் குறைக்கக்கூடியது, ஃபுரோசமைடு போன்ற நீர் மாத்திரையைத்தான். ஸ்டென்டுக்கான மாத்திரைகளிலும் கை வைக்காதீர்கள்.

ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனோ எப்லெரினோனோ சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடும் என்பதால், பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டுவது) பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது. இளநீரிலும் பொட்டாசியம் உண்டு; வெயிலுக்குத் தினமும் அதைக் குடிக்கும் வழக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்கள் ஊரில் கருவாட்டை விடச் சொல்வது கடினம்தான். ஆனால் அதிலுள்ள உப்பு உடம்பில் நீரைத் தேக்கும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்குளோஃபினாக்கும் அதையே செய்யும். தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நான்கு மாதம் ஆகிவிட்டதால் எக்கோவை மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இத்தனை மருந்துக்குப் பிறகும் பம்பிங் 35-க்கு மேல் ஏறவில்லையென்றால், ஆபத்தான துடிப்புக் கோளாறு வந்தால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐ.சி.டி. கருவி அவருக்குத் தேவையா என்பதை இதய மருத்துவர் முடிவு செய்வார்.