வெள்ளைத் தங்கத்தில் பழைய காக்டெய்ல் வாட்ச்: வாங்கலாமா?

கேள்வி: 1950-களில் செய்த பெண்கள் காக்டெய்ல் வாட்ச் (விருந்துக்குக் கட்டும், கல் பதித்த சின்ன வாட்ச்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 14 காரட் வெள்ளைத் தங்கம், 24 கிராம், மொத்தம் 1 காரட் வைரம், நன்றாக ஓடுகிறது என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அந்த 24 கிராமும் தங்கம் என்று நினைத்து விலை பேசாதீர்கள். உள்ளே இருக்கும் மெஷின், கண்ணாடி, கற்கள் எல்லாம் சேர்ந்த எடை அது. போதாததற்கு, 14 காரட் என்றால் ஆயிரத்தில் 585 பங்குதான் தங்கம். பின்மூடியில் 585 என்ற முத்திரை இருந்தாலும் அது கேஸுக்குத்தான் (மெஷினை மூடியிருக்கும் கூடு) சாட்சி, செயினுக்கு அல்ல. தங்கக் கேஸில் வெறும் தங்கத் தகடு போர்த்திய செயினைக் கோத்த வாட்சுகள் உண்டு. கொக்கியிலும் தனி முத்திரை இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

வைரத்துக்குச் சொன்ன 1 காரட் (இங்கே காரட் என்றால் எடை, தரம் அல்ல) என்பதும் ஒரே கல் இல்லை; பொடிக் கற்களின் கூட்டுத்தொகை. ஒரே கல்லாக இருந்தால் கிடைக்கும் விலை இதற்குக் கிடையாது. கல்லைக் கழற்றாமல் சொன்ன எடை என்றால் அது உத்தேசம்தான். அந்தக் காலப் பொடிக் கற்களில் பல 'சிங்கிள் கட்', அதாவது 17 அல்லது 18 பட்டைகள்தான். இன்றைய முழு வெட்டில் 57 அல்லது 58. அதனால் ஜொலிப்பு கொஞ்சம் அடக்கமாக இருக்கும். அது குறை இல்லை, எனக்கு அதுதான் அழகு. நடுவில் ஒரு கல் மட்டும் தனியாக மின்னினால், பிற்பாடு மாற்றிய கல்லா என்று கேளுங்கள்.

அப்புறம், "ஓடுகிறது" என்ற வார்த்தை. முழுச் சாவி கொடுத்து, ஒரு நாள் கழித்து நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தால்தான் அதற்கு அர்த்தம். மூடியையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். விரல்நகம் அளவுள்ள இந்த மெஷின்களைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் உதிரி பாகங்களும் கிடைப்பது கஷ்டம். உள்ளே பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் மெஷின் இருந்தால் அது நிச்சயம் பின்னால் மாற்றியது. முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை சீகோ விற்பனைக்குக் கொண்டுவந்ததே 1969-இல்தான். கட்டிக்கொள்ள அது வசதி; பழம்பொருளாக விற்கப் போனால் மதிப்பு இறங்கும்.

தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய வாட்ச் இது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர் என்றால் யோசித்து வாங்குங்கள். பழைய வெள்ளைத் தங்கத்தில் நிக்கல் கலப்பது சகஜம்.