பொடி இறால்: கொலஸ்ட்ரால் பயமும் மற்ற சந்தேகங்களும்

எனக்கு கொலஸ்ட்ரால் இருக்கிறது. பொடி இறாலைத் தொடவே கூடாதா?

தொடலாம். வெந்த இறால் 100 கிராமில் கொலஸ்ட்ரால் சுமார் 190 மில்லிகிராம் இருப்பது உண்மைதான், ஆனால் மொத்தக் கொழுப்பே ஓரிரு கிராமைத் தாண்டாது, ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை அதிகம் ஏற்றிவிடுவது நிறைவுற்ற கொழுப்பு (நெய், வெண்ணெயில் அதிகம் இருக்கும் வகை), அது இதில் மிகவும் குறைவு. 1996-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் தினமும் 300 கிராம் இறால் சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் 7 சதவீதம் ஏறியது, நல்ல கொலஸ்ட்ரால் 12 சதவீதம் ஏறியது. தினம் 300 கிராம் யார் சாப்பிடப் போகிறோம்? எண்ணெயில் மிதக்க விட்டுப் பொரித்துவிட்டு, பழியை மட்டும் இறால் மேல் போடாதீர்கள். இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய இறாலைவிடப் பொடியில் சத்து அதிகமாமே?

சதையில் பெரிய வித்தியாசம் இல்லை. வெந்த 100 கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதம், கூடவே பி12, செலினியம், அயோடின், எல்லாம் இரண்டிலும் உண்டு. விஷயம் ஓட்டில் இருக்கிறது: பெரியதை உரித்து ஓட்டை எறிகிறோம், பொடியைத் தலையோடு மென்றுவிடுகிறோம், ஓட்டிலுள்ள கால்சியமும் உள்ளே போகிறது. உரித்த பொடி இறால் வாங்கினால் அந்த லாபம் போச்சு.

காய்ந்த பொடி இறாலும் அதே மாதிரிதானா?

தண்ணீர் வற்றிவிடுவதால் கைப்பிடி அளவிலேயே புரதம் நிறைய. சிக்கல் உப்பு. ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டு அலசிப் பாருங்கள், தண்ணீர் கலங்கி அடியில் மணல் நறநறக்கும், மேல் தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்தாலே தெரிந்துவிடும். இரண்டு மூன்று முறை அலசிவிட்டு, குழம்பில் உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள். பிரஷர் உள்ளவர்கள் பச்சை இறாலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முதுகில் கறுப்பு நரம்பு, எடுக்கணுமா?

அது நரம்பே இல்லை, குடல். நகத்தளவு இறாலில் எடுக்க முயன்றால் சதையும் கையோடு வந்துவிடும். விடுங்கள்.

பையனுக்குச் சாப்பிட்டதும் உதடு தடிக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாமா?

வேண்டவே வேண்டாம். இறால் அலர்ஜிக்கு முக்கியக் காரணம் டிரோபோமயோசின் என்ற புரதம், எவ்வளவு வேகவைத்தாலும் அது அசையாது, சிலருக்குச் சமைக்கும்போது எழும் ஆவியே போதும். முதலில் அலர்ஜி டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.